பாண்டும் பீஸ் ரேட்டும்

அம்மாவிடம் “ஒரு பாண்ட் வாங்கணும்மா, அதுக்குத்தான் ராத்திரி முழிச்சிருக்கேன்” என்று சொன்னது என் தப்புதான். எங்கள் வீட்டில் பாண்ட் என்றால் பத்திரம், பத்திரம் என்றால் கடன். எவனுக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நிற்கிறேன் என்று பயந்து, கல்லில் கிடந்த தோசையைத் திருப்பாமல்கூட வந்துவிட்டார்.

“எத்தன ரூவாய்க்குக் கண்ணு?”

“ரூவா இல்லம்மா. கேம்ல இருக்கற காசு. நாப்பது லட்சம்.”

நாற்பது லட்சம் என்று சொன்னது இரண்டாவது தப்பு.

இது நடந்தது 2019 பொங்கலுக்கு முந்தின வாரம். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். பகல் முழுக்க டேலி, டாலர் ரேட், ஷிப்பிங் பில். ராத்திரி பத்து மணிக்கு மேல் போனில் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் ஆட்டம். அந்த ஆட்டம் போனுக்கு வந்தது 2018 அக்டோபர் 30. வந்த வாரமே இறக்கிவிட்டேன், ஏனென்றால் எனக்கு அது புது ஆட்டம் இல்லை. ஒன்பதாவது படிக்கும்போது பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து விளையாடியது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருக்கிற ஜாஜெக்ஸ் கம்பெனி, 2007 ஆகஸ்ட்டில் எடுத்து வைத்திருந்த பழைய பிரதியைத் தூசி தட்டி 2013இல் திரும்ப ஓட விட்டதுதான் இந்த ‘ஓல்ட் ஸ்கூல்’. அதே லம்பிரிட்ஜ், அதே கோழிகள், அதே மாடுகள். பழைய பள்ளிக்கூடத்துக்குள் போனால் பெஞ்ச் எல்லாம் சின்னதாகிவிட்டது மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது.

இந்த ஆட்டத்தைச் சும்மாவும் விளையாடலாம், சந்தா கட்டியும் விளையாடலாம். சும்மா விளையாடுகிறவனுக்கு உலகத்தில் ஒரு மூலைதான் திறந்திருக்கும். மிச்ச ஊர்கள், மிச்ச வேலைகள், நல்ல ஆயுதங்கள் எல்லாம் சந்தாக்காரனுக்கு. அன்றைக்குச் சந்தா மாதம் கிட்டத்தட்ட பதினொரு டாலர். எழுநூற்றைம்பது ரூபாய்க்கு மேல். என் சம்பளத்துக்கு அது முடியாத தொகை இல்லை. ஆனால் ‘கேமுக்கு மாசம் எழுநூத்தம்பது’ என்று வீட்டுச் செலவு நோட்டில் எழுதக் கை வரவில்லை. எழுத முடியாத செலவைச் செய்யக் கூடாது என்று எனக்கு ஒரு பழக்கம்.

அங்கேதான் பாண்ட் வருகிறது. யாரோ ஒருவர் நிஜப் பணம் கொடுத்து ஜாஜெக்ஸிடம் ஒரு பாண்ட் வாங்குகிறார். அதை ஆட்டத்துக்குள் இருக்கும் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற சந்தையில், ஆட்டக் காசுக்கு விற்கிறார். என்னை மாதிரி ஒருவன் அரக்கியைக் கொன்று சேர்த்த காசைக் கொட்டி அதை வாங்குகிறான். வாங்கிய பாண்டை உடைத்தால் 14 நாள் சந்தா. அவருக்கு நேரம் மிச்சம், எனக்கு ரூபாய் மிச்சம்.

அம்மாவுக்கு இதை இப்படித்தான் விளக்கினேன். அவர் ஓவர்லாக் டெய்லர். இருபத்தைந்து வருடம் கை வைத்தவர், அதாவது டீ-சர்ட்டுக்குக் கை வைத்தவர். டஜனுக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட். தினம் எத்தனை டஜன் முடித்தார் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பார். சனிக்கிழமை ராத்திரி சம்பளம் வாங்கும்போது சூப்பர்வைசரின் கணக்கும் அம்மாவின் நோட்டும் ஒத்துப்போகாவிட்டால் அம்மாவின் நோட்டுதான் ஜெயிக்கும். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அப்ப இது பீஸ் ரேட்டாட்டத்தான். ஒரு பூதத்துக்கு எவ்வளவு?”

சரியான கேள்வி. அதுவரை நானே கேட்டுக்கொள்ளாத கேள்வி.

சும்மா விளையாடுகிறவர்களுக்கு அந்தக் காலத்தில் காசு சேர்க்கத் தோதான இடங்களில் ஒன்று கோர்செயர் கோவ். கடல் கொள்ளைக்காரர்கள் ஊர். அதன் அடியில் ஒரு குகை, குகைக்குள் ஓக்ரஸ் என்ற அரக்கிகள். ஒரு பாறைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டால் அந்தத் தடிக்காரி நம்மை எட்ட முடியாது. பாறையைச் சுற்றி வரவும் அவளுக்குத் தெரியாது. நின்ற இடத்தில் நின்று மேப்பிள் வில்லில் அம்பு விட வேண்டியதுதான். செத்தால் மந்திரக் கற்கள், பட்டை தீட்டாத ரத்தினம், எப்போதாவது ஒரு தலைக்கவசம் விழும். பொறுக்க வேண்டும், பை நிறைந்தால் வங்கிக்குப் போக வேண்டும், திரும்பி வர வேண்டும். இதில் வீரம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் இதுவும் ஒரு மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிற வேலைதான். கையும் கண்ணும் ஓடும், மனசு வேறெங்கேயோ இருக்கும்.

என் வேகத்துக்கு மணிக்கு ஒரு லட்சம் காசு. பாண்ட் விலை அன்று நாற்பது லட்சத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. ஆக நாற்பது மணி நேரம். மார்கழி முழுக்க அந்தக் குகையில்தான் இருந்தேன். வெளியே கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை ஆரம்பிக்கும்போது நான் அப்போதுதான் போனைச் சார்ஜில் போட்டுப் படுப்பேன்.

அம்மா விரலை மடக்கி எண்ணினார். அந்த பாண்டை ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தால் அன்றைய டாலர் கணக்கில் ஐந்நூறு ரூபாய் பக்கம். ஐந்நூறை நாற்பதால் வகுத்தால் மணிக்குப் பன்னிரண்டரை ரூபாய்.

“பன்னெண்டு ரூவாயா? நீ ஒம்பதாவது படிக்கறப்பவே நான் அதுக்கு மேல வாங்கினனே சாமி.”

சிரித்துக்கொண்டே போய்விட்டார். தோசை கருகியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குள்ளே வேறொரு கணக்கு ஓடியது. நான் ஒன்பதாவது படித்தபோது பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரத்துக்குப் பதினைந்து ரூபாய். அதாவது 2019இல் அந்த அரக்கியை ஒரு மணி நேரம் அடித்து நான் சம்பாதித்த தொகை, 2007இல் அதே ஆட்டத்தை ஒரு மணி நேரம் விளையாடக் கொடுத்த வாடகைக்குக்கூடப் பத்தாது.

அந்த பிரவுசிங் சென்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆறு கம்ப்யூட்டர். ஜாவா லோட் ஆவதற்கே பத்து நிமிடம் போய்விடும், அந்தப் பத்து நிமிடமும் கணக்கில் சேரும். கையில் பதினைந்து ரூபாய் எல்லா நாளும் இருக்காது. கடை அண்ணனுக்கு வேலை மும்முரமாக இருந்தால் என்னை டைப் அடிக்க உட்கார வைப்பார். கல்யாண பயோடேட்டா, வேலைக்கான பயோடேட்டா. ராசி, நட்சத்திரம், கோத்திரம், ‘கலர்: மாநிறம்’. மூன்று பயோடேட்டா அடித்தால் ஒரு மணி நேரம் இலவசம். அவரும் ஒரு நோட் வைத்திருந்தார், என் பெயருக்கு எதிரே நிமிடக் கணக்கு இருக்கும். கரண்ட் போய்விட்டால் மீதி நிமிடத்தை அதில் குறித்துவைத்து மறுநாள் தருவார். உழைப்பைக் கொடுத்து ஆட்ட நேரம் வாங்குவது எனக்கு அப்போதே பழகிப்போன வியாபாரம். ஒரே ஒரு வித்தியாசம். அண்ணனின் நோட்டில் இருந்த நேரம் நான் உட்காராதபோது ஓடாது.

பாண்ட் நேரம் ஓடும். அதை அந்த வருடமே மார்ச்சில் தெரிந்துகொண்டேன். பொங்கல் லீவில் முதல் பாண்ட், பிப்ரவரியில் இன்னும் இரண்டு, அப்புறம் மார்ச் மூன்றாம் வாரத்தில் இன்னொன்று. வாங்கிய ஜோரில் அன்றிரவே உடைத்துவிட்டேன். மறுநாளிலிருந்து வருடக் கணக்கு முடிக்கும் வேலை. 31ஆம் தேதி வரை ஆபீசிலேயே சாப்பாடு, பாதி நாள் ஆபீசிலேயே தூக்கம். பதினான்கு நாளில் ஒன்பது நாள் ஆட்டத்துக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உடைக்காமல் வங்கியில் வைத்திருந்தால் அது பாட்டுக்குக் கிடந்திருக்கும். பாண்டாக இருக்கும்வரை அது கெடாது, உடைத்துவிட்டால் பால் மாதிரி. அந்த ஒன்பது நாள் போனதில் இன்னும் வருத்தம் இருக்கிறது.

இந்த பாண்ட் எதற்கு வந்தது என்ற கதை எனக்குக் கொஞ்சம் சொந்தக் கதையும்கூட. 2007 டிசம்பரும் 2008 ஜனவரியும். அப்போது ஆட்டக் காசைத் திருட்டுத்தனமாக நிஜப் பணத்துக்கு விற்கும் கூட்டம் பெருகியிருந்தது. அவர்களில் பலர் திருடிய கிரெடிட் கார்டுகளில் சந்தா கட்டினார்கள். அந்தப் பணத்தை வங்கி ஜாஜெக்ஸிடம் திருப்பிக் கேட்கும். இதை நிறுத்த, ஒருவர் இன்னொருவருக்குக் காசோ பொருளோ இஷ்டப்படி கொடுப்பதையே கம்பெனி மூடிவிட்டது. கொடுப்பதும் வாங்குவதும் ஏறக்குறைய சம மதிப்பில் இருக்க வேண்டும். அடுத்த சீட்டில் உட்கார்ந்து விளையாடிய என் சிநேகிதனுக்கு ஒரு கவசம் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். மறுநாள் தர முடியவில்லை. திரையில் வந்த இங்கிலீஷ் எங்கள் இருவருக்குமே புரியவில்லை. நான்தான் ஏமாற்றுகிறேன் என்று அவன் ஒரு மாதம் பேசவில்லை. அந்தத் தடையை எடுக்க 2011 பிப்ரவரி வரை ஆனது. அதற்குள் நாங்கள் இருவரும் பள்ளியையே முடித்திருந்தோம்.

அடைத்துப் பார்த்தார்கள், ஜனங்கள் பிரிந்து போனார்கள். திறந்துவிட்டார்கள், கள்ளச் சந்தை திரும்ப வந்தது. மூன்றாவது வழியாக 2013 செப்டம்பரில் ரூன்ஸ்கேப்பில் பாண்ட் வந்தது, 2015 மார்ச்சில் ஓல்ட் ஸ்கூலுக்கும் வந்தது. காசு வாங்கத்தான் போகிறான் என்றால் நம்மிடமே வாங்கட்டும் என்ற யோசனை. இதில் ஒரு நுணுக்கம் எனக்குப் பிடிக்கும். கம்பெனி ஒரு காசுகூடப் புதிதாக அச்சடிப்பதில்லை. பணக்காரருக்குப் போகிற நாற்பது லட்சம், என்னை மாதிரி ஒருவன் ஏற்கெனவே குகையில் சேர்த்தது. கை மாறுகிறது, அவ்வளவுதான். சந்தையில் வாங்கிய பாண்டை அப்படியே இன்னொருவருக்கு மறுபடி விற்கவும் முடியாது. விற்றே ஆக வேண்டுமென்றால் விலையில் பத்து சதவீதம் கட்டி அதை மறுபடி விற்கக்கூடியதாக மாற்ற வேண்டும். பதுக்கி வைத்து விலை ஏற்றும் ஆட்களுக்கு வைத்த முள்வேலி அது. 2021 டிசம்பரில் கிராண்ட் எக்ஸ்சேஞ்சில் விற்பனைக்கு 1 சதவீத வரி போட்டார்கள், பாண்டுக்கு மட்டும் விலக்கு. ஜிஎஸ்டி கவுன்சிலைப் பார்த்த எனக்கு அந்த விலக்கின் அர்த்தம் உடனே புரிந்தது. கம்பெனிக்கு டாலர் வரும் கதவின் முன்னால் யாராவது சுங்கச்சாவடி வைப்பார்களா?

சரி, கம்பெனிக்கு இதில் என்ன லாபம்? என் மாதிரி ஆள் சும்மா விளையாடுகிறானே என்று முதலில் நினைத்தேன். பிறகு உட்கார்ந்து கூட்டினேன். இரண்டு பாண்ட் சேர்ந்தால் 28 நாள். அந்த இரண்டு பாண்டின் டாலர் விலை, நேராக ஒரு மாதச் சந்தா கட்டுவதைவிட அதிகம். நான் சும்மா விளையாடும் ஒவ்வொரு மாதமும், நான் காசு கட்டி விளையாடினால் வரும் வரவைவிடக் கூடுதலாகக் கம்பெனிக்கு வருகிறது. கட்டுகிறவர் மட்டும் வேறு ஆள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இன்னொரு ஆன்லைன் ஆட்டத்தில் இந்த வித்தியாசம் பச்சையாகத் தெரியும். அமெரிக்காவில் மாதச் சந்தா 15 டாலர். ஒரு மாத நேரம் தரும் டோக்கன் 20 டாலர். அந்த ஐந்து டாலர்தான் தரகு.

அந்த டோக்கன் 2015 ஏப்ரல் 7ஆம் தேதி அமெரிக்க சர்வர்களில் 30,000 தங்கத்தில் ஆரம்பித்தது, தங்கம் என்பது அந்த ஆட்டத்துக் காசு. நான் அந்த ஆட்டம் ஆடியதில்லை, ஆனால் அதன் விலை முறையைப் படித்தபோது எங்கள் எம்.டி. ஞாபகம் வந்தார். ரூன்ஸ்கேப்பில் விலையை வாங்குகிறவரும் விற்கிறவரும் சந்தையில் தீர்த்துக்கொள்கிறார்கள். அங்கே அப்படி இல்லை. தேவையும் வரத்தும் பார்த்து, ஆட்டத்தை நடத்தும் பிளிஸார்ட் கம்பெனியின் கணக்குதான் விலையை ஏற்றி இறக்கும். டோக்கனை விற்பனைக்கு வைக்கும் நொடியில் திரையில் என்ன விலை காட்டியதோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும், விற்பதற்குள் விலை சரிந்தாலும் சரி, ஏறினாலும் சரி. இது எங்கள் ஊரில் எக்ஸ்போர்ட்டர்கள் போடும் ஃபார்வர்ட் கான்ட்ராக்ட். மூன்று மாதம் கழித்து வரப்போகிற டாலருக்கு இன்றைக்கே ரேட் பேசி வைப்பது. டாலர் ஏறிவிட்டால் அன்று முழுக்க எம்.டி. யாரோடும் பேச மாட்டார். 2017 பிப்ரவரியில் அந்த டோக்கனை ஆட்ட நேரமாக மட்டுமில்லாமல் 15 டாலர் கடை இருப்பாகவும் மாற்றலாம் என்று திறந்துவிட்டார்கள். அதைக் கொண்டு பிளிஸார்டின் வேறு ஆட்டங்களையும் வாங்கலாம். டோக்கனின் தங்க விலை உடனே எகிறியது. ஒரு கரன்சிக்குப் புதிதாக ஒரு கடை திறந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

இந்த வகையில் இந்த இரண்டுக்கும் அண்ணன் ஈவ் ஆன்லைன். ஐஸ்லாந்துக்காரர்களின் விண்வெளி ஆட்டம். அவர்கள் 2008 நவம்பரிலேயே பிளெக்ஸ் என்று கொண்டுவந்துவிட்டார்கள், அப்போது ஒரு பிளெக்ஸை உடைத்தால் 30 நாள் சந்தா. 2010இல் பிளெக்ஸைக் கப்பலில் சரக்காக ஏற்றிக்கொண்டு போகலாம் என்று அனுமதித்தார்கள். ஆகஸ்ட்டில் ஒருவர் கெஸ்ட்ரல் என்ற ஓட்டைச் சின்னக் கப்பலில் 74 பிளெக்ஸை ஏற்றிக்கொண்டு, அந்த உலகத்தின் பெரிய சந்தையான ஜீட்டா பக்கம் போனார். இரண்டு பேர் வந்து சுட்டார்கள். சுட்டவர்களுக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை, 74ம் கப்பலோடு எரிந்துபோனது. ஆயிரத்து இருநூறு டாலருக்கு மேல் பெறும். ஆறு வருடத்துச் சந்தா. நகைக்கடைச் சரக்கை டிவிஎஸ் எக்ஸெல்லில் மூட்டை கட்டி ராத்திரி பல்லடம் ரோட்டில் போன கதைதான்.

இதைப் படித்தவர்கள் எல்லோரும் அந்த ஆளுக்காக உச்சுக் கொட்டினார்கள். நான் அந்தக் கம்பெனியின் கணக்குப் பிள்ளையை நினைத்துக்கொண்டேன். விற்ற பிளெக்ஸ் இன்னும் உடைக்கப்படாதவரை அது கம்பெனிக்கு வருமானம் மாதிரி இல்லை, வாங்கிய முன்பணம். முப்பது நாள் சர்வரை ஓட்டிக் காட்ட வேண்டிய கடன். அந்த 74 பிளெக்ஸும் எரிந்த நொடியில் 74 மாதக் கடன் புத்தகத்திலிருந்து காணாமல் போய்விட்டது. பணம் வந்தாயிற்று, சேவை தர வேண்டியதில்லை. இப்படி ஒரு என்ட்ரி போட எனக்கு வாழ்க்கையில் ஒரு தடவை வாய்க்காதா என்று இருந்தது.

இன்னொன்றும் அந்த ஆட்டத்தைப் பற்றி. 2014 ஜனவரி 27இல் பி-ஆர்5ஆர்பி என்ற இடத்தில் நடந்த சண்டையில் டைட்டன் என்ற ராட்சதக் கப்பல்கள் 75 அழிந்தன. மூன்று லட்சம் டாலருக்கு மேல் நஷ்டம் என்று செய்தியில் போட்டார்கள். ஆட்டக் காசை டாலராக்கிச் சொல்ல முடிந்ததே பிளெக்ஸ் என்று ஒரு பாலம் இருந்ததால்தான். சண்டை எதனால் மூண்டது தெரியுமா? ஒரு தரப்பு அந்த இடத்துக்குக் கட்ட வேண்டிய பராமரிப்புத் தொகை கட்டப்படாமல் விட்டுப்போனதால். எங்கள் ஆபீசில் இந்தக் கதையை நான் வருடத்துக்கு ஒரு முறையாவது சொல்வேன், கரண்ட் பில் தேதி நெருங்கும்போது.

என் கதைக்கு வருகிறேன். முதல் பாண்ட் கைக்கு வந்த பிறகு கணக்கு மாறியது. சந்தாக்காரனாகிவிட்டால் மணிக்கு ஒரு லட்சம் என்பது மூன்று நான்கு லட்சம் ஆகிறது, ஏனென்றால் பணம் கொழிக்கும் இடமெல்லாம் சந்தாக்காரர்கள் பக்கம். நான் போனது வில்டர்னஸ் என்ற பொட்டல் காட்டில் இருக்கும் பச்சை டிராகன்களிடம். எலும்பும் தோலும் நல்ல விலை. அங்கே யார் வேண்டுமானாலும் நம்மை வெட்டிப் பையைப் பிடுங்கலாம் என்பது வேறு விஷயம்.

அங்கேதான் ஸ்பானிஷ் பேசுகிற ஒருவரோடு பழக்கம் ஆனது. எனக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவருக்கு இங்கிலீஷ் என்னைவிடக் குறைவு. வெனிசுவேலாக்காரர். அந்த நாட்டில் விலைவாசி நாளுக்கு நாள் பறந்து சம்பளப் பணம் காகிதமாகிவிட்ட சமயம். நிறையப் பேர் இந்த டிராகன்களை அடித்து, சேர்ந்த காசை வெளியே டாலருக்கு விற்று அரிசி, மாவு வாங்கினார்கள். ஆட்ட விதிப்படி அது குற்றம், பிடித்தால் கணக்கை முடக்குவார்கள். 2017இல் ஒருவர் இவர்களை எப்படிக் கண்டுபிடித்துக் கொல்வது என்று வழிகாட்டியே எழுதி இணையத்தில் போட்டார். ஆட்டத்துக்குள் கொல்வதைத்தான் சொன்னார், ஆனால் அந்தப் பை பறிபோனால் அங்கே ஒரு வீட்டில் ராத்திரிச் சாப்பாடு போகும்.

அவரிடம் ஒரு நாள் கேட்டேன், சந்தாவுக்கு டாலர் எப்படி என்று. பாண்ட், என்றார். முதல் நாலைந்து நாள் அடிப்பது பாண்டுக்கு, மிச்ச நாள் அடிப்பது வீட்டுக்கு. எனக்கு அது திருப்பூரில் கேட்ட வாக்கியம் மாதிரியே இருந்தது. மெஷினை வாடகைக்கு எடுத்துத் தைப்பவர்கள் இப்படித்தான் சொல்வார்கள், திங்கள் செவ்வாய் மெஷின்காரனுக்கு என்று. கள்ளச் சந்தையை ஒழிக்க வந்த பாண்டைக் கள்ளச் சந்தைக்காரரே வாடகைச் சீட்டாக வாங்கி வைத்திருக்கிறார். நான் விளையாட வாங்கிய அதே சீட்டு. 2019 மார்ச் 7ஆம் தேதி வெனிசுவேலா முழுக்கக் கரண்ட் போனது. என் நண்பர் பட்டியலில் அவர் பெயர் சிவப்பாகவே இருந்தது. ஒரு வாரத்துக்கு மேல் கழித்துப் பச்சையானது. ‘லுஸ்’ என்று ஒரே ஒரு சொல் அனுப்பினார். வெளிச்சம் என்று அர்த்தமாம், தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவரது பாண்டில் அந்த நாட்கள் போயிருக்கும். என் ஒன்பது நாளைப் பற்றி அவரிடம் நான் மூச்சுவிடவில்லை.

அந்தத் தீபாவளிக்கு போனஸ் வந்தது. ஒரு தடவை அந்தப் பக்கம் நின்று பார்த்தால் என்ன என்று தோன்றியது. கார்டில் ஐந்நூறு சொச்சம் ரூபாய் போய் ஒரு பாண்ட் வந்தது. வாரக் நகரத்து கிராண்ட் எக்ஸ்சேஞ்சில் போய் நின்று, நடப்பு விலைக்கே விற்பனைக்குப் போட்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் ‘டிங்’ என்று சத்தம். விற்றுவிட்டது. நாற்பது லட்சம் என் பையில். மார்கழி முழுக்கக் குகையில் நின்று சேர்த்த தொகை, ஒரு ‘டிங்’கில். வாங்கியது யாரென்று அந்தச் சந்தை சொல்லாது. அபிஸல் விப் என்று ஒரு சாட்டை, ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்தது, அன்றே வாங்கினேன். இரண்டு நாள் சுழற்றினேன். பிறகு வங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு, பழைய வாளையே எடுத்துக்கொண்டு போனேன். சாட்டை நல்ல சாட்டைதான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கேயோ ஒரு பாறைக்குப் பின்னால் எவனோ நின்று அம்பு விட்டுக்கொண்டிருப்பது ஞாபகம் வந்து தொலைத்தது.

அப்புறம் சம்பளம் கொஞ்சம் உயர்ந்ததும் கௌரவமாகக் கார்டிலேயே மாதச் சந்தா கட்டினேன். வீட்டுச் செலவு நோட்டிலும் எழுதினேன், ‘இதர’ என்ற தலைப்பில். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் புது விதி வந்து, மாதாமாதம் தானாகக் கழிக்கும் பணத்துக்கெல்லாம் கூடுதல் ஒப்புதல் வேண்டும் என்றார்கள். என் வங்கிக்கு அந்த ஒப்புதலை வாங்கித் தரத் தெரியவில்லை. மூன்று மாதம் கஸ்டமர் கேரில் பாட்டுக் கேட்டேன். கடைசியில் ஒரு ராத்திரி வில்லைத் தூக்கிக்கொண்டு டிராகன் பக்கம் போய்விட்டேன். ஒருவிதத்தில் நிம்மதியாகத்தான் இருந்தது. ‘இதர’ என்று எழுத வேண்டியதில்லை.

இப்போது பாண்ட் ஒரு கோடிக்கு மேல். நேரத்தின் மதிப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம் இல்லை. உலகத்தில் காசு பெருகிவிட்டது, நானும் முன்னைவிட வேகமாக அடிக்கிறேன். மணிக்கு எத்தனை ரூபாய் ஆகிறது என்று வகுத்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். வகுத்தால் அம்மா பார்த்துவிடுவார்.

அவர் வேலையை விட்டு நான்கு வருடம் ஆகிறது, கண் மங்கிவிட்டது. நோட் மட்டும் பீரோவில் இருக்கிறது. எனக்குச் சந்தா முடிய இன்னும் மூன்று நாள், பையில் எண்பத்தாறு லட்சம். நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு நான் சுவரில் சாய்ந்து டிராகன் அடித்துக்கொண்டிருந்தபோது தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர், சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு சித்த நேரம் நின்று பார்த்தார்.

“இன்னும் எத்தன டஜன் கண்ணு?”